வலப்பக்க இருக்கை

இஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி மறுபடியும் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறத் தொடங்கியபோது யூலிற்றாவுக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். முதுகு ஒடிய வேலை செய்து, கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றிப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் என்னதான் வேண்டுமாம் இந்தச் சனியனுக்கு?

"அக்கா, ஏறுது," என்றான் கிருசாந்தன். அவன்தான் விமானி. வவுனியாக்காரன், முப்பதைத் தொடாதவன். நிலத்தில் நின்றால் ஓயாமல் அலட்டுவான், வானத்தில் மட்டும் வாயை அளந்து திறப்பான்.

"பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். இனி ஏற்ற வேண்டாம் தம்பி. பவரைக் குறைச்சு அப்பிடியே திருப்புங்கோ."

இரண்டு பேர் மட்டும் அருகருகே உட்காரக்கூடிய சின்ன விமானம் அது. இடப்பக்கம் விமானி, வலப்பக்கம் அவள். கீழே குளம், குளத்துக்குக் கீழே வயல், வயல் முடிந்த இடத்திலிருந்து காடு. அந்தக் காட்டுக்குள் இறங்குவதற்கு ஒரு முழ இடம் கிடையாது. திரும்பும்போது இஞ்சின் ஒருமுறை இருமியது. அந்த ஒரு இருமலில் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. யூலிற்றா மனதுக்குள் புனித அந்தோனியாரைக் கூப்பிட்டாள். கிருசாந்தன் யாரைக் கூப்பிட்டானோ தெரியாது. கிரவல் ஓடுபாதையில் சில்லுகள் தட்டிய பிறகுதான் இரண்டு பேரும் ஒழுங்காக மூச்சுவிட்டார்கள்.

அந்த விமானம் வன்னிக்கு வந்தது யானை எண்ணுவதற்கு. நெடுங்கேணிப் பக்கத்துக் காடு எங்கே வெட்டுப்படுகிறது, யானைகள் எந்த வழியால் வயலுக்குள் இறங்குகின்றன என்று மேலிருந்து பார்த்துப் படம் பிடிப்பதற்காகக் கொழும்பில் உள்ள ஒரு சின்ன நிறுவனம் அதை அனுப்பியிருந்தது. இந்தப் பக்கத்துச் சனம் வானத்தில் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிற சனமல்ல, பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு குனிகிற சனம். முதல்நாள் அது பறந்தபோது வயலில் நின்றவர்கள் வரம்போடு வரம்பாகப் படுத்துவிட்டார்கள். பிறகு பழகி, யானைப் பிளேன் என்று பெயரும் வைத்து, இரண்டு நாள் காணாவிட்டால் எங்கே அது என்று விசாரிக்கவும் தொடங்கினார்கள்.

யூலிற்றா அந்த விமானத்தின் இயந்திரப் பொறியியலாளர். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, தகப்பனின் படகு இஞ்சினில் முதல் திருகாணியைக் கழற்றி, பிறகு இரத்மலானை விமானப் பள்ளிக்குப் போய்ப் படித்து, உரிய அனுமதிப்பத்திரம் எடுத்தவள். அவள் சரி என்று சொன்னால்தான் விமானம் பறக்கலாம். அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. இப்போது அது இரண்டு முறை பிழையாகிவிட்டது. இன்னொரு முறை பிழையானால் விமானத்தின் இறக்கைகளைக் கழற்றி லொறியில் ஏற்றி அனுப்பும்படியும், காரணத்தைக் கண்டுபிடிக்க வேறு ஆளைப் பார்ப்பதாகவும் கொழும்பிலிருந்து சொல்லிவிட்டார்கள். வேறு ஆள் என்ற சொல் அவளுக்கு நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இருந்தது.

விமானம் தகரக் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றபோது ஸ்ரனிஸ்லஸ் பிளாஸ்கோடு நின்றான். அவளுடைய புருசன். கொட்டகைக்குக் காவலும் அவன்தான், பெற்றோல் செட்டிலிருந்து கானில் பெற்றோல் எடுத்து ஓட்டோவில் ஏற்றி வருவதும் அவன்தான். கடலில் தொழில் படுத்த பிறகு வீட்டில் சுருண்டு கிடந்தவனுக்கு, கொழும்பில் உள்ளவர்களின் கையைக் காலைப் பிடித்து அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

"என்ன, திரும்பவும் சூடோ?"

"ஓம்."

"நான் அண்டைக்கே சொன்னனான், அந்தத் தேமொஸ்ரட்டைக் கழற்றி எறி எண்டு. எங்கட ஆக்கள் போட் இஞ்சின் வாங்கினால் முதல் வேலையா அதைத்தானே செய்யிறவை."

"இதில அது சரிவராதப்பா. அதைக் கழற்றினால் தண்ணி றேடியேற்றருக்குள்ள போகாமல் இஞ்சினுக்குள்ளயே சுத்திக்கொண்டு நிக்கும். இன்னும் கூடச் சுடும்."

"அப்பிடியோ?" என்று அவன் உண்மையிலேயே அதிசயப்பட்டவன்போலக் கேட்டு, தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தான். "முதலில குடி. முகம் வெளிறிப்போய்க் கிடக்கு."

அவள் குடித்தாள். அந்த நேரத்தில் அந்தத் தேத்தண்ணி தேவாமிர்தமாக இருந்தது. தன்னுடைய தலைவலியைக் கேட்பதற்கு வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறான் என்று நினைத்து மனம் ஆறினாள்.

அவன் கேட்கத்தான் செய்தான். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் புலம்பியதை எல்லாம் கேட்டான். முதல் தடவை, யானை எண்ணும் அருந்ததியை ஏற்றிக்கொண்டு போன கிருசாந்தன் பாதியில் திரும்பி வந்தபோது, மீற்றர் பொய் சொல்லுகிறதோ என்று அவள் சந்தேகப்பட்டு, இரு பக்கத்து வெப்ப உணரிகளையும் இடம் மாற்றிப் பூட்டினாள். மீற்றர் பொய் சொல்லவில்லை. பிறகு ஸ்ரனிஸ்லஸ்தான் றேடியேற்றரைப் பார் என்றான். பார்த்தால் தகடுகளுக்கிடையில் புல்லு விதையும், குளவி கட்டிய மண்கூடும். கழுவித் துடைத்துவிட்டு, இதுதான் இதுதான் என்று மகளைத் தூக்கிச் சுற்றினாள். சரி என்று சொன்னாள். தானும் ஏறிப் பறந்தாள். சூடு பிடித்தது.

அதற்குப் பிறகு, தண்ணீர் மூடியின் அமுக்கம், குழாய்கள், குசினியில் சோற்றுப் பானைக்குள் போட்டுக் கொதிக்கவைத்துத் திறக்கிறதா என்று பார்த்த தேமொஸ்ரட். எல்லாம் சுத்தம். தீப்பொறிப் பிளக்குகளைக் கழற்றியபோது மட்டும் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. காற்றுக் கூடி எரிபொருள் குறைந்தால் இப்படி ஆகும் என்று நினைத்து, காபரேற்றரைத் தாங்கும் றப்பரைத் தடவிப் பார்த்தாள். மயிரிழையில் ஒரு வெடிப்பு. கொழும்பிலிருந்து புதிது எடுப்பித்துப் பூட்டினாள். இந்தமுறை சிரிக்கவில்லை, பயந்து பயந்துதான் சரி என்றாள். அந்த இரண்டாவது சரிதான் இன்று காலை வானத்தில் இருமியது.

மத்தியானம் அருந்ததி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். எப்போது திரும்பப் பறக்கலாம் என்று கேட்க வந்தவள், யூலிற்றாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைக் கேட்காமல் மென்று விழுங்கினாள். ஸ்ரனிஸ்லஸ் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தான். யூலிற்றா விமானத்தின் வயிற்றுக்குக் கீழே குந்தியிருந்து, தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சப் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் வடித்து வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். அப்படி ஒன்றும் இல்லை.

"அக்கா, நான் ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டீங்களே?" என்றாள் அருந்ததி.

"இனி ஆரோட கோவிக்கிறது? சொல்லுங்கோ மிஸ்."

"அண்டைக்கு நான் மேல சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தனான் எல்லோ. பிளேன் சுத்தினதால எண்டுதான் எல்லாரும் சொன்னவை. அதில்லை. உள்ளுக்க மணம். எனக்கு மண்ணெண்ணெய் மணம் அறவே ஒத்துவராது. அதால..."

"மண்ணெண்ணெயோ? இது பெற்றோல் மிஸ்."

"பெற்றோல் மணம் எனக்குப் பிடிக்கும் அக்கா. இது அதில்லை." அவள் குனிந்து போத்தலுக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோய், உடனே முகத்தைத் திருப்பினாள். "இந்தா. இதுதான்."

யூலிற்றா போத்தலை வாங்கி மணந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆழ இழுத்துப் பார்த்தாள். அப்போதும் வித்தியாசமாக ஒன்றுமில்லை. கிருசாந்தனைக் கூப்பிட்டு மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

"எனக்குக் கொரோனாவோட மூக்குப் போட்டுது அக்கா," என்றான் அவன். "கருவாடும் மல்லிகையும் இப்ப எனக்கு ஒண்டுதான்."

அவளுக்குச் சிரிப்பு வரவேண்டியது. வரவில்லை. கரையில் பிறந்த பிள்ளைக்கு மண்ணெண்ணெய் ஒரு மணமா? படகு இஞ்சின் ஓடுவது அதில்தான். தகப்பனின் கை, வலை, பாய், தலையணை, நத்தார்ப் பண்டிகைக்குப் பெட்டிக்குள் மடித்து வைத்த புதுச்சட்டை எல்லாமே அதில்தான் ஊறிக் கிடக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிற இடத்தில் அவளுடைய ஆட்கள் உட்கார்ந்து சோறு தின்பார்கள். ஒருவனுக்கு மூக்கு இல்லை, மற்றவளுக்கு மூக்கு இருந்தும் அந்த மணத்தை அது கணக்கில் எடுப்பதில்லை. நல்ல சோடிதான் விமானம் ஓட்ட வந்திருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, கொட்டகைக்குள் போய் வெள்ளைக் கடதாசி ஒன்றை எடுத்து வந்தாள்.

சோதனை மிகச் சின்னது. கடதாசியில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் வைக்க வேண்டும். நல்ல பெற்றோல் என்றால் சொட்டு விழுந்த இடமே தெரியாமல் பறந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் போகாது, எண்ணெய் வட்டமாக நின்றுகொள்ளும். மூன்று பேரும் அந்தக் கடதாசியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். சொட்டு சுருங்கியது. ஓரம் காய்ந்தது. வட்டம் நின்றது.

பிளக்கில் இருந்த புள்ளிகளும், இருமலும், மேலே ஏறும்போது மட்டும் பிடித்த சூடும் அவளுக்கு ஒரேயடியாக விளங்கின. படகு இஞ்சின் மண்ணெண்ணெய்க்கென்றே மெதுவாக அமுக்குவதற்குச் செய்யப்பட்டது. இது இறுக்கி அமுக்குகிற இஞ்சின். இதற்குள் மண்ணெண்ணெய் போனால், எரிய வேண்டியது எரியாமல் தானாகவே வெடித்துப் பிஸ்டனைச் சுத்தியலால் அடிக்கும். அடிக்க அடிக்கச் சூடேறும். விட்டால் பிஸ்டனில் ஓட்டை விழும். காட்டுக்கு மேலே வைத்து விழும்.

"பெற்றோல் செட்டுக்காரன்தான்," என்றான் கிருசாந்தன். "கலப்படம் செய்யிறாங்கள், கள்ளப் பயலுகள்."

"அவன்தான்," என்றாள் யூலிற்றா. மிக வேகமாகச் சொன்னாள். அந்தப் பெயர் தெரியாத பெற்றோல் செட்டுக்காரன்மேல் அவளுக்கு வந்த கோபத்தில் ஒரு நிம்மதி இருந்தது. "மிஸ், உங்கட ஸ்கூட்டியை ஒருக்காத் தாங்கோ."

வழி நெடுக அவள் அவனை என்னென்ன கேட்பது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனாள். இடையில் ஒரு நினைவு வந்து குறுக்கே விழுந்தது. புதிதாக வரும் ஒவ்வொரு கானையும் கடதாசியில் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவளே போட்ட விதி. ஸ்ரனிஸ்லஸ் வேலைக்கு வந்த தொடக்கத்தில் அவன் முன்னாலேயே அதைச் செய்தாள். ஒருநாள் அவன், "என்னையோ சோதிக்கிறாய்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டான். சிரிப்புத்தான், ஆனால் முகம் சுண்டிப்போயிருந்தது. கடலில் தனியாக நின்ற மனிதன், பெண்சாதியின் கைக்குக் கீழே வேலை செய்கிறான், அவனை இன்னும் ஏன் சிறுமைப்படுத்த வேண்டும் என்று நினைத்து அவள் அந்தச் சோதனையை விட்டுவிட்டாள். வேறு எவன் கொண்டுவந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டாள்.

பெற்றோல் செட்டில் சனம் இல்லை. ஸ்கூட்டிக்கு அடிக்கச் சொல்லி, குழாயை எடுக்கும்போது கடைசிச் சொட்டைக் கடதாசியில் விடச் சொன்னாள். அடித்துக்கொண்டிருந்த மனிதர் கோபிக்கவில்லை, சிரித்தார்.

"நல்லாப் பாருங்கோ தங்கச்சி. கனபேர் பாக்கிறவை. இஞ்ச ஒரு சொட்டுக் கலப்பும் இல்லை."

அவள் கடதாசியை உள்ளங்கையில் வைத்து வெயிலில் நின்றாள். வட்டம் நில் நில் என்று மனதுக்குள் கும்பிட்டாள். கலப்படம் இருக்கட்டும், இந்த மனிதர் கள்ளனாக இருக்கட்டும், ஊர் முழுக்கக் கெட்டுப்போயிருக்கட்டும். கடதாசி காய்ந்து, எதுவுமே விழாததுபோல வெள்ளையாகக் கிடந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சுத்தமான பெற்றோலைப் பார்த்து அழுதவள் அந்த நாட்டில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"ஏன் தங்கச்சி, உங்கட பிளேன் இப்ப ஓட்டம் குறைவோ?" என்று அந்த மனிதர் சும்மா கதைக்கத்தான் கேட்டார். "உங்கட மனுசன் முந்தி எல்லாக் கானையும் நிரப்பிக்கொண்டு போவார். மாரி மழை தொடங்கினதிலயிருந்து ஒண்டை வெறுமனாக் கொண்டுபோறார்."

அவள் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஸ்கூட்டியைத் திருப்பினாள்.

திரும்பி வந்தபோது ஸ்ரனிஸ்லஸ் கொட்டகை நிழலில் கதிரை போட்டு இருந்தான். கிருசாந்தனும் அருந்ததியும் தூரத்தில் மரத்துக்குக் கீழே நின்றார்கள், அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. யூலிற்றா நேரே போய் அவன் முன்னால் நின்றாள்.

"பெற்றோலுக்குள்ள மண்ணெண்ணெய் கிடக்கப்பா."

"அப்பிடியோ? செட்டுக்காரன் விட்டிருப்பான். உவங்களை நம்பேலாது."

"நான் செட்டுக்குப் போட்டுத்தான் வாறன்."

அவன் கதிரையை விட்டு எழும்பினான். பிறகு எதற்கு எழும்பினான் என்று தெரியாதவன்போலத் திரும்பவும் இருந்தான். கொஞ்ச நேரம் பூசி மெழுகிப் பார்த்தான். கான் பழையது என்றான், முந்தி அதில் மண்ணெண்ணெய் வைத்திருந்தார்கள் என்றான். அவள் கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். கத்தாமல் நின்றதுதான் அவனை உடைத்தது.

"கொஞ்சந்தான் கலந்தனான்," என்றான்.

"ஏன்?"

"கடலுக்குப் போற போட் ஒண்டில பங்கு எடுக்க. அண்ணையாக்கள் கேட்டவை. பெற்றோல் காசில மிச்சம் பிடிச்சுச் சேர்த்தனான்." அவன் குரல் ஏறியது. "உனக்கென்ன, நீ மேல பறக்கிறாய். நான் உன்ர பிளேனுக்கு நாய் மாதிரிக் காவல் கிடக்கிறன். கடலுக்குப் போகாமல் என்னால ஏலாது யூலி. அது உனக்குத் தெரியும்."

அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவளால் உடனே வெறுக்க முடியவில்லை. கேட்டிருந்தால் எங்கேயாவது புரட்டிக் கொடுத்திருப்பாளே, ஏன் கேட்கவில்லை என்று ஒரு பக்கம் நெஞ்சு எரிந்தது. களவு அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரேயொரு கேள்விதான் மிச்சம் நின்றது. இவனுக்குத் தெரியுமா, தெரியாதா?

"நான் சூடு சூடு எண்டு தலையைப் பிச்சுக்கொண்டு திரிஞ்சனான். உங்களுக்கு ஒருக்காலும் தோணேல்லையோ, இது மண்ணெண்ணெயாலதான் எண்டு?"

"எனக்கென்னெண்டு தெரியும்?" என்றான் அவன் உடனே. அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவனின் வேகம் அதில் இருந்தது. "அப்பர் காலத்திலயிருந்து மண்ணெண்ணெயிலதானே நாங்கள் ஓடுறம். பெற்றோலில ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்திறம். ஒரு இஞ்சினும் வெடிக்கேல்லை. இஞ்சின் எண்டால் இஞ்சின்தானே. ஒண்டும் நடக்காது எண்டுதான் நினைச்சனான். இப்பவும் சொல்லுறன், உதால ஒண்டும் நடக்காது."

அவள் அந்தப் பதிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இருக்கலாம். கரையில் பிறந்த எந்த ஆம்பிளையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவான். அவளுடைய தகப்பன்கூடச் சொல்லுவார். மூக்குக்குத் தெரியாத மாதிரி மூளைக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். றேடியேற்றரைப் பார், தேமொஸ்ரட்டைக் கழற்று என்று அவன் சொன்னதெல்லாம் உண்மையாகவே உதவி செய்ய நினைத்துச் சொன்னதாக இருக்கலாம். அப்படி இருக்க வேண்டும் என்று அவளுடைய உடம்பு முழுவதும் ஆசைப்பட்டது.

அவள் விமானத்தின் வலப்பக்கம் போய்க் கதவைத் திறந்தாள்.

"அப்ப வாங்கோ," என்றாள். "ஏறுங்கோ."

"என்னத்துக்கு?"

"உள்ளுக்க கிடக்கிறது நீங்கள் ஊத்தினதுதான். வடிக்கேல்லை. கிருசாந்தன் தம்பி நிக்கிறார். காட்டுக்கு மேலால ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாங்கோ. ஒண்டும் நடக்காதெண்டு நீங்கள்தானே சொல்லுறியள்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்காததால் அதைப் பாதியில் நிறுத்தினான். விமானத்தைப் பார்த்தான், திறந்திருந்த கதவைப் பார்த்தான், மரத்துக்குக் கீழே நின்றவர்களைப் பார்த்தான்.

இஞ்சினைக் கிளப்பும் சாவி அவளுடைய சட்டைப் பையில் இருந்தது. அந்தப் பெற்றோலோடு ஒரு கோழிக்குஞ்சைக்கூட அவள் ஏற்றிவிடமாட்டாள். அவன் பறக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. காலைத் தூக்கி அந்தப் படியில் வைத்தால் போதும். வைத்திருந்தால், மடையா, விசர் மடையா என்று வாய்க்கு வந்தபடி திட்டி, அங்கேயே குந்தியிருந்து அழுது, பிறகு அவனுக்காகக் கொழும்புக்காரர்களின் காலில் இன்னொரு முறை விழுந்திருப்பாள். மடையனோடு குடும்பம் நடத்தலாம். உலகத்தில் பாதிப் பெண்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

"ஏறுங்கோப்பா," என்றாள் மறுபடியும். இந்தமுறை குரல் கெஞ்சியது.

அவன் ஒரு அடி பின்னால் வைத்தான்.

"விசர்க்கதை கதைக்காதை யூலி," என்றான். "எங்களுக்கு ஒரு பிள்ளை இருக்கு. எனக்கொண்டு நடந்தால்?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குக் கேட்டது. அவள் அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருசம் பக்கத்தில் படுத்தெழும்பிய முகம். தாங்கியை நிரப்பியவன் இவன்தான். இன்று காலை அவள் இந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது, இருக்கைப் பட்டி இறுகியிருக்கிறதா என்று தோளில் இழுத்துப் பார்த்து, வெளியில் நின்று இந்தக் கதவை அடித்துச் சாத்தியவனும் இவன்தான். சாத்திவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போயிருக்கிறான்.

"அந்தப் பிள்ளைக்குத் தாயும் இருக்கிறாள்," என்றாள் யூலிற்றா.

"யூலி, நான் அப்பிடிச் சொல்லேல்லை... கேள், உனக்கு ஒண்டும் நடக்காதெண்டு நான் அந்தோனியாருக்கு நேத்திகூட வைச்சனான்."

அதைக் கேட்டதும் அவளுக்கு மிச்சமிருந்ததும் அறுந்துபோனது. மெழுகுதிரி கொளுத்தி நேர்ந்துகொண்டு கலந்திருக்கிறான். கோபம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. நின்ற இடத்திலேயே யாரோ தன்னைக் கைவிட்டுப் போய்விட்டதுபோல இருந்தது. அவள் கதவைச் சாத்தினாள். கிருசாந்தனைக் கூப்பிட்டு, தாங்கியை முழுதாக வடிக்கும்படியும், கொட்டகைக்குள் இருக்கும் கான்களைத் தொடாமல் அப்படியே வைக்கும்படியும் சொன்னாள். பிறகு தொலைபேசியை எடுத்தாள்.

"கொழும்புக்கோ?" என்றான் ஸ்ரனிஸ்லஸ். "யூலி, செட்டுக்காரன் எண்டு சொல்லன். ஆருக்குத் தெரியப்போகுது? நான் இனிச் செய்யன். பிள்ளைமேல ஆணை."

அவள் விலகிப் போகவில்லை, அவன் முன்னால் நின்றே பேசினாள். சூட்டுக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது, பெற்றோலுக்குள் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது, இஞ்சினைத் திறந்து பிஸ்டன்களைப் பார்க்காமல் பறக்க விடமாட்டேன், வந்த பெற்றோலைச் சோதிக்காமல் விட்டது என்னுடைய பிழை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் ஆடவில்லை. எங்கே கலந்தது என்று மறுமுனையில் கேட்டார்கள்.

"இஞ்சதான். பெற்றோல் கொண்டுவாறவர் கலந்தவர்."

யார் அது, பெயர் என்ன என்று கேட்டார்கள்.

ஸ்ரனிஸ்லஸ் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான். அவள் அவனைப் பார்த்தபடியே பெயரைச் சொன்னாள். அங்கே இருந்தவருக்கு அந்தப் பெயர் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் அவசரப்படாமல், எழுதிக்கொள்ள வசதியாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.